உங்கள் போனுக்குள்ளும் ஓர் அசெம்ப்ளி லைன்: கெர்னல் மிச்சம் பிடிக்கும் நேரம் யாருக்கு வந்து சேர்கிறது?

வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் நின்று பார்த்தால் கம்பெனி பஸ்கள் வரிசைகட்டிப் போகும். ஒரகடம், வல்லம் வடகால், ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என்று ஒவ்வொரு பஸ்ஸும் ஒரு திசை. கார், லாரி, பைக், செல்போன் என ஏதோ ஒன்றைப் பூட்டி முடிக்கிற வேலைக்குப் போகிறவர்கள் உள்ளே இருப்பார்கள். லைனில் நிற்கும் யாரைக் கேட்டாலும் 'டேக்ட் டைம்' என்றால் என்னவென்று சொல்லிவிடுவார்கள். ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவில் அந்த ஸ்டேஷனுக்குக் கிடைக்கும் நேரம் அது.

டேக்ட் டைம் 60 விநாடி என்று வைத்துக்கொள்வோம். 8 மணி நேர ஷிஃப்டில், இடைவேளையைக் கழிக்காமல் கணக்குப் போட்டால், 480 வண்டி. அதையே 59 விநாடி ஆக்கினால் 488. "ஒரு செகண்ட்தானே, என்ன வந்துடப் போகுது?" என்று கேட்டால், ஷிஃப்டுக்கு 8 வண்டி வரும்.

இதே கணக்கைத்தான், விநாடிக்குப் பதிலாக நானோநொடியில், போட்டுக்கொண்டிருக்கிறார்கள் இயங்குதளத்தின் 'கெர்னல்' பகுதியை எழுதுபவர்கள். ஒரு நானோநொடி என்பது ஒரு விநாடியை நூறு கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு. 20 வரி, 30 வரி மாற்றி எழுதியதில் 2 சதவீதம் வேகம் கூடியது என்று அவ்வப்போது செய்தி வரும். இதெல்லாம் ஒரு செய்தியா என்று தோன்றலாம். ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவரின் கையில் இருக்கும் 4 ஜிபி ரேம் போன் இன்னும் ஓர் ஆண்டு தாக்குப்பிடிக்குமா என்பதில் இந்த வேலைக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

கெர்னல் என்ன செய்கிறது?

போனில் வாட்ஸ்அப், கேமரா, யுபிஐ செயலி என்று எத்தனையோ ஓடுகின்றன. இவை எதுவும் பிராசஸரையோ ரேமையோ நேரடியாகத் தொட முடியாது. "எனக்குக் கொஞ்சம் மெமரி வேணும்", "இந்த ஃபைலைத் திற", "இந்தச் செய்தியை அனுப்பு" என்று ஒவ்வொன்றுக்கும் கெர்னலிடம்தான் வந்து நிற்க வேண்டும். யாருக்கு எப்போது, எவ்வளவு என்று முடிவெடுப்பது கெர்னல். லைனுக்குப் பொருள் கொடுக்கும் ஸ்டோரும் ஆள் போடும் சூப்பர்வைசரும் சேர்ந்த ஒரே ஆள் என்று சொல்லலாம்.

ஆண்ட்ராய்டு போன்களில் இருப்பது லினக்ஸ் கெர்னல். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் பூட்டும் ஐபோனில் ஆப்பிளின் எக்ஸ்என்யு கெர்னல். இந்தியாவில் விற்கும் ஸ்மார்ட்போன்களில் பெரும்பான்மை ஆண்ட்ராய்டு என்பதாலும், லினக்ஸில் யார் எந்த வரியை மாற்றினார்கள் என்பது பகிரங்கமாக இருப்பதாலும், இந்தக் கட்டுரை லினக்ஸைப் பற்றியே பேசுகிறது.

ஒரு செயலி மெதுவாக இருந்தால் அந்தச் செயலி மட்டும்தான் மெதுவாக இருக்கும். கெர்னலில் ஓரிடம் மெதுவாக இருந்தால் அந்த வழியாகப் போகும் அத்தனையும் மெதுவாகும். ஒரே சிறு வேலையை விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை செய்கிற இடம் என்பதால்தான் அங்கே நானோநொடிக்கு மதிப்பு.

ஸ்பேனரை எங்கே வைப்பது?

தொழிற்சாலையில் 5எஸ் பயிற்சி எடுத்தவர்களுக்கு இந்தப் பகுதி சுலபம். அடிக்கடி எடுக்கும் ஸ்பேனர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அதற்காக ஸ்டோர் வரை நடந்தால் அந்த ஸ்டேஷன் டேக்ட் டைமைத் தாண்டிவிடும்.

பிராசஸருக்குக் கை எட்டும் மேஜைதான் 'கேஷ்' மெமரி. அதில் மிக அருகில் இருக்கும் அடுக்கிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஏறக்குறைய ஒரு நானோநொடி ஆகும். அங்கே இல்லையென்றால் ரேம் வரை போக வேண்டும். சுமார் 100 நானோநொடி. மனிதக் கணக்குக்கு மாற்றினால், ஒரு விநாடியில் கையில் எடுக்க வேண்டிய ஸ்பேனருக்கு ஒன்றே முக்கால் நிமிடம் நடந்து போய் வருவது மாதிரி. போகும்போது பிராசஸர் ஒற்றைப் பொருளை எடுத்துவருவதில்லை. 64 பைட் கொண்ட ஒரு தட்டையே தூக்கி வரும். கணினிக்காரர்கள் அதை 'கேஷ் லைன்' என்பார்கள்.

ஆக, ஒரு வேலைக்கு ஐந்து தகவல் தேவை, ஐந்தும் ஐந்து தட்டில் இருக்கிறது என்றால் ஐந்து நடை. ஐந்தையும் ஒரே தட்டில் அடுக்கி வைத்திருந்தால் ஒரே நடை.

கூகுளில் பணிபுரிந்த கோகோ லீ 2023-இல் அனுப்பிய மாற்றங்கள் இதைத்தான் செய்தன. இணையத் தொடர்பு ஒவ்வொன்றுக்கும் கெர்னல் ஒரு பெரிய பதிவேடு வைத்திருக்கும். ஆண்டாண்டாக ஆளாளுக்குச் சேர்த்ததில், ஒவ்வொரு பாக்கெட் வரும்போதும் தேவைப்படும் தகவல்கள் அந்தப் பதிவேட்டில் அங்கங்கே சிதறிக் கிடந்தன. அவற்றை இடம் மாற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். புதிய கணக்கோ புதிய வழிமுறையோ பெரிதாக எதுவும் இல்லை. ஏராளமான இணைப்புகளை ஒரே நேரத்தில் தாங்கும் சர்வரில் சோதித்தபோது, டிசிபி வேகம் 40 சதவீதம் வரை கூடியது. 2024 மார்ச்சில் வந்த லினக்ஸ் 6.8-இல் இது சேர்ந்தது. 5எஸ் போர்டு எழுதி மாட்டும் எந்த ஷாப் ஃப்ளோர் மேனேஜரும் இதைப் பார்த்து, "இதைத்தானே நாங்களும் தினம் சொல்றோம்" என்பார்.

ஒரு வீட்டுக்கு 20 பேர் வரிசையில் நின்றால்?

வேகம் என்று நாம் சொல்வதில் பாதி, பங்கீடு. பிராசஸர் ஒன்று, கேட்பவர்கள் பலர். யாருக்கு எத்தனை நேரம்?

2007 அக்டோபரில் வந்த லினக்ஸ் 2.6.23-இல், இங்கோ மோல்னார் எழுதிய ஒரு புதிய பங்கீட்டு முறை வந்தது. எல்லா வேலைக்கும் சமமான நேரம் என்பது அதன் அடிப்படை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒருவர் ஒரே ஒரு வேலையை ஓடவிடுகிறார், இன்னொருவர் 20 வேலையை ஓடவிடுகிறார் என்றால்? 21 பங்கில் 20 பங்கு இரண்டாமவருக்குப் போய்விடும். ரேஷன் கடையில் ஒரே வீட்டிலிருந்து 20 பேர் வரிசையில் நின்று 20 முறை வாங்குவது போல. நம்ம ஊர் ரேஷன் கடை ஆளுக்குக் கொடுக்காமல் கார்டுக்குக் கொடுப்பது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

கெர்னலுக்கு அந்த 'கார்டு' முறையைக் கொண்டுவந்தவர் ஸ்ரீவத்ஸா வத்தகிரி. ஐபிஎம் நிறுவனத்தின் பெங்களூர் லினக்ஸ் குழுவில் இருந்தவர். வேலைகளைக் குழுவாகச் சேர்த்து, முதலில் குழுக்களுக்கு இடையே பங்கு, பிறகு குழுவுக்குள் பங்கு என்று அவர் எழுதிய பகுதி, 2008 ஜனவரியில் வெளியான 2.6.24-இல் சேர்ந்தது. அந்தக் கோப்பின் தலைப்பகுதியில் அவர் பெயரும் 2007 என்ற ஆண்டும் இருக்கின்றன.

அதன் மேல் கட்டியதுதான் 2010 நவம்பரில் பேசப்பட்ட '200 வரி பேட்ச்'. மைக் கால்பிரெய்த் எழுதியது. ஒரே டெர்மினலிலிருந்து கிளம்பும் வேலைகளைக் கெர்னல் தானாகவே ஒரு குழுவாக்கிக்கொள்ளும், அவ்வளவுதான். பின்னால் ஒரு பெரிய மென்பொருள் கம்பைல் ஆகிக்கொண்டிருந்தாலும் முன்னால் வீடியோ திக்காமல் ஓடியது. அந்தச் சோதனையில் சராசரித் தாமதம் சுமார் 60 மடங்கு குறைந்தது. 2011 மார்ச்சில் 2.6.38-இல் வந்தது.

பேட்ச் பெயர் வாங்கிய வேகத்திலேயே லெனார்ட் பொட்டரிங் என்ற இன்னொரு மென்பொருளாளர், கெர்னலைத் தொடாமலேயே நாலு வரி செட்டிங்கில் இதே பலனைப் பெறலாம் என்று காட்டினார். காரணம், கடினமான வேலை 2.6.24-லேயே முடிந்துவிட்டது. தலைப்புச் செய்தியில் வந்தது 200 வரி. அதைத் தாங்கி நின்றது அதற்கு மூன்றாண்டு முன்பு பெங்களூரிலிருந்து போன வேலை. இது எல்லாத் துறையிலும் நடப்பதுதான்.

போனில் இதன் பயன் நேரடியானது. ஆரம்பகால ஆண்ட்ராய்டில் திரையில் தெரியும் செயலி ஒரு குழு, பின்னணியில் கிடப்பவை இன்னொரு குழு. முன்னதற்கு 1024 பங்கு என்றால் பின்னதற்கு 52. அதாவது போட்டி வரும்போது பின்னணிக் கூட்டம் முழுவதற்கும் சேர்த்தே 5 சதவீதம் அளவுக்குத்தான் கிடைக்கும். நீங்கள் போன் பேசும்போது பின்னால் ஏதோ ஒரு செயலி அப்டேட் ஆகிக்கொண்டிருந்தாலும் குரல் திக்காமல் இருக்க இந்த ஏற்பாடு உதவியது.

4 ஜிபி போனின் கதை

மொபைல் சர்வீஸ் கடைகளில் அதிகம் கேட்கும் புகார் ஒன்று உண்டு. "வாட்ஸ்அப்பில இருந்து ஜிபே போயிட்டுத் திரும்பி வந்தா, வாட்ஸ்அப் மறுபடி முதல்லேருந்து ஓப்பன் ஆகுதுங்க." பேட்டரியோ டிஸ்ப்ளேயோ காரணமில்லை. ரேம் போதாமல், கெர்னல் வாட்ஸ்அப்பை வெளியேற்றிவிட்டது. திரும்பி வந்தபோது அது புதிதாகத் தொடங்குகிறது.

இந்த இடத்தில்தான் மலிவு விலை போன் வைத்திருப்பவருக்குக் கெர்னல் வேலை அதிகம் உதவியிருக்கிறது என்று சொல்வேன். இரண்டு முயற்சிகளைக் குறிப்பிட வேண்டும்.

முதலாவது, நிதின் குப்தா என்ற இந்தியர் எழுதிய 'இசட்ரேம்'. இப்போதைக்குத் தேவைப்படாத மெமரிப் பக்கங்களைச் சுருக்கி, ரேமுக்குள்ளேயே ஒரு மூலையில் வைப்பது. கம்பளியை மடித்து அமுக்கி பீரோவில் வைக்கிற மாதிரி. பாதி இடத்தில் அடங்கிவிடும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. விரிக்கப் பிராசஸருக்குக் கொஞ்சம் வேலை உண்டு. ஆனால் செயலியை மூடிவிட்டு முதலிலிருந்து திறப்பதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை. 2013-இல் வந்த ஆண்ட்ராய்டு 4.4, வெறும் 512 எம்பி ரேம் உள்ள போன்களுக்கு இதைப் பரிந்துரைத்தது. லினக்ஸின் சோதனைப் பகுதியில் சில ஆண்டு கிடந்துவிட்டு, 2014-இல் 3.14 பதிப்பில் முழு உறுப்பினரானது. இன்றைக்கு உங்கள் போனிலும் இது ஓடிக்கொண்டிருக்க வாய்ப்பு மிக அதிகம்.

இரண்டாவது, எதை வெளியேற்றுவது என்ற முடிவு. ரேம் நிரம்பும்போது நெடுநாளாகத் தொடாத பக்கத்தை வெளியேற்ற வேண்டும். எது நெடுநாளாகத் தொடாதது என்று கண்டுபிடிக்கவே கெர்னல் நிறைய நேரம் செலவழித்தது. கூகுளின் யூ ஜாவ் எழுதிய புதிய முறை, பக்கங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பிரித்து வைக்கிறது. புதிதாகத் தொட்டது இளைய தலைமுறை, தொடாமல் கிடப்பது மூத்தது. 2022 டிசம்பரில் லினக்ஸ் 6.1-இல் இது சேர்ந்தது. குரோம் ஓஎஸ், ஆண்ட்ராய்டு பயனர்களிடம் சோதித்ததில் கிடைத்ததாகக் கூகுள் கொடுத்த கணக்கு: மெமரியை ஒழுங்குபடுத்தும் கெர்னல் வேலைக்கான பிராசஸர் நேரம் 40 சதவீதம் குறைவு. செயலி திறக்கும் நேரம் நடுமதிப்பில் 18 சதவீதம் குறைவு. மெமரி போதாமல் செயலிகளைக் கொல்வது, அதிகம் பாதிக்கப்பட்ட கால்வாசிப் பயனர்களைப் பிரிக்கும் அளவுகோலில், 85 சதவீதம் குறைவு. இது சின்ன பேட்ச் இல்லை, பெரிய வேலை. ஆனால் உள்ளே பார்த்தால், ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கும் வெட்டி நடையைக் குறைத்ததுதான் சாரம்.

வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சிப்காட் குடியிருப்பில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கலாம். ஆளுக்கொரு போன், நாளுக்கு 50 முறை ஏதோ ஒரு செயலியைத் திறக்கிறார்கள், ஒவ்வொரு முறையும் அரை விநாடி மிச்சம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், அந்த ஒரு வளாகத்தில் மட்டும் நாளுக்கு 130 மணி நேரம்.

இடையில் ஒன்று. 'ரேம் பூஸ்டர்', 'போன் கிளீனர்' என்ற பெயரில் வரும் செயலிகள் செய்வது இதற்கு நேர் எதிரானது. கெர்னல் கணக்குப் பார்த்து வைத்திருக்கும் செயலிகளை ஒட்டுமொத்தமாக மூடி, "1.2 ஜிபி மிச்சம்" என்று பச்சை எழுத்தில் காட்டும். அடுத்த நிமிடமே நீங்கள் அவற்றைத் திறப்பீர்கள், எல்லாம் முதலிலிருந்து. ரேம் காலியாக இருப்பதில் லாபம் ஒன்றும் இல்லை. அந்தச் செயலிகளை நீக்கிவிடலாம்.

பேட்டரிக் கதையும் இதே மாதிரிதான். சில பழைய கெர்னல்கள், வேலை இருக்கிறதோ இல்லையோ, விநாடிக்கு 1,000 முறை பிராசஸரைத் தட்டி எழுப்பின. நாளுக்கு 8 கோடியே 64 லட்சம் தட்டு. 2007 ஏப்ரலில் வந்த 2.6.21, வேலை இல்லாதபோது தட்டாமல் விடும் வசதியைக் கொண்டுவந்தது. அடுத்த பதிப்பில், இன்டெலில் இருந்த வெங்கடேஷ் பல்லிபாடி ஒரு சின்ன வசதி சேர்த்தார். அவசரமில்லாத வேலைக்காகத் தனியாக எழுப்பாதே, வேறு காரணத்துக்கு எழும்போது இதையும் முடித்துக்கொள் என்பது அது. கடைக்குப் போகிற ஆளிடமே எல்லாச் சாமானும் சொல்லிவிடுகிற வீட்டுப் பழக்கம்.

3,888 சதவீதமா?

இந்தத் துறையின் எண்களை அப்படியே நம்பக் கூடாது என்பதற்கு நல்ல உதாரணம் 2024 நவம்பரில் வந்தது. இன்டெலின் தானியங்கிச் சோதனை அமைப்பு, ஒரு குட்டி மாற்றத்தால் ஒரு சோதனையின் வேகம் 3,888.9 சதவீதம் கூடியதாக அறிவித்தது. கிட்டத்தட்ட 40 மடங்கு!

நடந்தது இதுதான். அதற்கு முன்பு, பெரிய அளவில் மெமரி கேட்கும் நிரல்களுக்கு 2 எம்பி எல்லையில் சரியாகத் தொடங்கும்படி இடம் ஒதுக்கலாம் என்று ஒரு மாற்றம் வந்தது. பெரிய பக்கங்களைப் பயன்படுத்த வசதியாக இருக்கும் என்ற நல்ல எண்ணம். ஆனால் 4,632 கேபி மாதிரி 2 எம்பி-யில் அடங்காத அளவில் கேட்கும் நிரல்கள் மாட்டிக்கொண்டன. முன்பு ஒட்டி ஒட்டி அமைந்த இடங்கள் இப்போது இடைவெளி விட்டுத் தனித்தனியாக அமைந்தன. எல்லாம் ஒரே மாதிரி எல்லையில் தொடங்கியதால் கேஷில் ஒரே மூலைக்குப் போட்டி போட்டன. எட்டு கேட் இருந்தும் எல்லாக் கம்பெனி பஸ்ஸும் ஒரே கேட்டில் வந்து நிற்பது போல. ஒரு சோதனை நிரல் சில கணினிகளில் 600 சதவீதம் வரை மெதுவானது.

விளாஸ்டிமில் பாப்கா அதைச் சரிசெய்தார். அளவு 2 எம்பி-யின் மடங்காக இருந்தால் மட்டும் எல்லையில் வை, இல்லாவிட்டால் வேண்டாம் என்ற ஒரு நிபந்தனைதான் மாற்றத்தின் உயிர். 3,888 சதவீதம் என்பது, மெமரி வாங்குவதையும் விடுவதையும் மட்டுமே செய்யும் ஒரு செயற்கைச் சோதனையில் வந்த எண். உங்கள் போன் 40 மடங்கு வேகமாகிவிடாது. அதில் பெரும்பகுதி, முந்தைய 'மேம்பாடு' கெடுத்ததைத் திருப்பிக் கொடுத்தது.

லைனில் வேலை செய்பவர்களுக்கு இதன் இன்னொரு பக்கமும் தெரியும். நெருக்கடியே இல்லாத ஸ்டேஷனில் ஒரு விநாடி மிச்சம் பிடித்தால் ஒரு வண்டி கூட அதிகம் வராது. அந்த ஆள் அந்த ஒரு விநாடி சும்மா நிற்பார். கணினியில் இதை 1967-இல் ஜீன் அம்டால் விளக்கினார். மொத்த நேரத்தில் 2 சதவீதம் பிடிக்கும் பகுதியைப் பூஜ்ஜியமாக்கினாலும் மிச்சம் 2 சதவீதம்தான். எனவே கெர்னல் பக்குவம் தெரிந்தவர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு வேகமாச்சு?" என்று அல்ல. "எங்க அளந்தே?" என்றுதான்.

மிச்சம் பிடித்ததில் விழுந்த ஓட்டை

குறுக்குவழிக்கு விலை உண்டு. 2022 மார்ச் 7 அன்று மேக்ஸ் கெல்லர்மன் என்ற ஜெர்மன் மென்பொருளாளர் வெளியிட்ட 'டர்ட்டி பைப்' ஓட்டை அப்படிப்பட்டது. வாடிக்கையாளர் ஒருவரின் லாக் ஃபைல்கள் காரணமே தெரியாமல் கெட்டுப்போவதைத் துரத்திப் போய் இதைக் கண்டுபிடித்தார்.

இரண்டு சிக்கனங்கள் சந்தித்த இடம் அது. ஒரு நிரலிலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் போகும் குழாயில், பாதி நிரம்பிய பக்கம் இருந்தால் புதுப் பக்கம் எடுக்காமல் அதிலேயே மீதியை எழுதலாம். இது ஒரு சிக்கனம். ஃபைலில் இருப்பதைக் குழாய்க்கு அனுப்பும்போது நகல் எடுக்காமல், மெமரியில் இருக்கும் ஃபைலின் பக்கத்தையே நேராகக் கோத்துவிடலாம்; இது இன்னொன்று. தனித்தனியாக இரண்டும் நல்லவை. ஆனால் லினக்ஸ் 5.8 முதல், 'மீதியை எழுதலாம்' என்ற பழைய குறி அழிக்கப்படாமல் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்க வழி ஏற்பட்டது. விளைவு, படிக்க மட்டும் கொடுத்த பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் கிறுக்கலாம் என்ற நிலை. ஒரு சாதாரணச் செயலி, போனையே தன் கைக்குள் கொண்டுவரலாம். அப்போது புதிதாகச் சந்தைக்கு வந்திருந்த விலை உயர்ந்த ஆண்ட்ராய்டு போன்களும் இதில் சிக்கின.

எதிர்த்திசையிலும் நடக்கும். 2018 ஜனவரியில் வெளியான ஸ்பெக்டர், மெல்ட்டவுன் ஓட்டைகள் பிராசஸர்களே எடுத்த குறுக்குவழிகளால் வந்தவை. அவற்றை அடைக்கக் கெர்னலில் பல இடத்தில் 'இங்கே நின்று, சரிபார்த்துவிட்டுப் போ' என்று தடுப்பு போட்டார்கள். எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் மெதுவானது. ஆறேழு ஆண்டு கழித்து, 2024 இறுதியில், லினஸ் டோர்வால்ட்ஸே 21 வரி மாற்றத்தில் ஒரு தடுப்பை எடுத்தார். பிராசஸரை நிறுத்திவைப்பதற்குப் பதிலாக, தப்பான முகவரி வந்தால் அது எங்கும் போய்ச் சேராத முகவரியாக மாறிவிடும்படி செய்தார். பாதுகாப்பு அப்படியே இருந்தது. ஒரு சோதனையில் 2.6 சதவீதம் வேகம் திரும்பியது. தனிப்பட்ட முறையில் எனக்கு 3,888-ஐ விட இந்த 2.6 பெரிதாகத் தெரிகிறது.

வேகம் வேண்டாம், நேரம் தவறாமை போதும் என்று கேட்கும் இடங்களும் உண்டு. ரோபோ கையை இயக்கும் கணினிக்குச் சராசரி வேகத்தால் பயன் குறைவு. குறித்த நேரத்துக்குள் பதில் வந்தே தீர வேண்டும். அதற்காகச் சுமார் 20 ஆண்டு தனியாக வளர்த்த 'பிரீம்ப்ட் ஆர்டி' பகுதி, 2024 நவம்பரில் வந்த லினக்ஸ் 6.12-இல்தான் பொதுக் கெர்னலுக்குள் வந்து சேர்ந்தது. இதைப் போட்டால் மொத்த வேகம் சற்றுக் குறையலாம். தெரிந்தே ஏற்றுக்கொள்ளும் நஷ்டம் அது.

இதெல்லாம் உங்கள் போனுக்கு வருமா?

இங்கேதான் சிக்கல். கெர்னலில் இன்று மிச்சமாகும் நானோநொடி, நேற்று வாங்கிய போனுக்குத் தானாக வந்துவிடாது. போன் எந்தக் கெர்னல் வரிசையோடு கடைக்கு வருகிறதோ, பெரும்பாலும் அந்த வரிசையிலேயே அதன் ஆயுள் முடியும். ஆண்ட்ராய்டு 13, 14 ஆகலாம். கீழே கெர்னல் 5.10 என்றால் 5.10-ஆகவே இருக்கும். 6.1-இல் வந்த மெமரி முறை 4.14-இல் நிற்கும் போனுக்குக் கிடைக்காது, தயாரிப்பாளர் அதை எடுத்துவந்து சேர்த்தால் ஒழிய. பழைய, மலிவு போன்களுக்கு யாரும் அந்த வேலையைச் செய்வது அரிது. அதிகம் பயன்பட வேண்டிய 4 ஜிபி போனுக்கு இந்த மேம்பாடு கடைசியாக வருகிறது, அல்லது வருவதே இல்லை. 20 ஆயிரம் ரூபாய் போனை மூன்று ஆண்டு வைத்திருக்க நினைப்பவர், கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதோடு, "எத்தனை வருஷம் அப்டேட் தருவாங்க?" என்றும் கடையில் கேட்பது நல்லது.

உங்கள் போனில் எந்தக் கெர்னல் என்று பார்க்க, செட்டிங்ஸ் போய் 'அபவுட் போன்', அதில் 'ஆண்ட்ராய்டு வெர்ஷன்' அல்லது 'சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷன்' திறந்தால் 'கெர்னல் வெர்ஷன்' என்ற வரி இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி மெனு கொஞ்சம் மாறும். முதல் இரண்டு எண்கள் வரிசையைச் சொல்லும். மூன்றாவது எண், அந்த வரிசையில் எத்தனையாவது திருத்தம் என்பது. 4.14, 4.19 என்று இருந்தால் போன் பழையது. ஆனால் டர்ட்டி பைப் ஓட்டை அந்த வரிசைகளில் இல்லை. 5.10 என்று இருந்து மூன்றாவது எண் 102-க்குக் கீழே, அல்லது 5.15 என்று இருந்து 25-க்குக் கீழே இருந்தால், தயாரிப்பாளர் தனியாக அடைத்திருந்தால் தவிர, அந்த ஓட்டை இன்னும் திறந்திருக்கிறது. அப்படியானால் அதே பக்கத்தில் 'செக்யூரிட்டி அப்டேட்' தேதியையும் பாருங்கள். நிலுவையில் அப்டேட் ஏதாவது காத்திருந்தால், இன்று இரவு போனைச் சார்ஜில் போடும்போதே அதையும் போட்டுவிடுங்கள்.